ஃபிராங்க்ளினுக்கு ஒரு படுக்கை

கேரவன் எடுக்கலாம் என்று முதலில் சொன்னது என் தம்பி மகள் ஏஞ்சலின்தான். ஆனால் மதுரைக்குப் போன் போட்டு வண்டியைப் பிடித்தவள் நான். எனக்கு எதையும் பேச்சோடு விடத் தெரியாது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து, வீட்டுக்கே சக்கரம் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள் என்று நான் விளக்கியதை என் வீட்டுக்காரர் ரோச் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாம என்ன கிறுக்குக்கு மில்லர்புரத்துல அஸ்திவாரம் தோண்டுனோம்" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கனரக லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. வண்டியை நானே ஓட்டுவேன் என்று அடுத்த நிமிடமே அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியவரும் அவர்தான்.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் கிளம்பிய பயணம் இல்லை இது. எமில்டாவை அவள் வீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எமில்டா என் தம்பி ஃபிராங்க்ளினின் மனைவி. தம்பி கடலோடு போனதிலிருந்து அவள் அந்த வீட்டை விட்டு வெளியே ஒரு ராத்திரி தங்கியதில்லை. என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றிய அன்றும் பாட்டில் முடிந்த கையோடு ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டாள்.

திரேஸ்புரத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த, எமில்டா இப்போதும் இருக்கிற எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன ஆள் திரும்பும்வரை வீட்டை வெளியே பூட்டக் கூடாது. கோயிலுக்கோ மீன் வாங்கவோ போனால்கூட யாரையாவது உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் போவார்கள். களைத்து வருகிறவன் பூட்டைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவான் என்பார்கள். ஆள் இனி வரமாட்டான் என்று ஆகிவிட்டால், அவன் துணிமணிகளை ஒரு பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். பூசை முடிந்து வந்ததும் பெண்டாட்டி தன் கையால் கதவை வெளியே பூட்டிவிட்டுப் பொழுது சாயும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். பிறகு திறப்பாள். அதன் பிறகு அவள் எங்கே போனாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஃபிராங்க்ளின் கடல் கடந்து சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் எஞ்சின் டிரைவர். மாலத்தீவில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் காற்றில் மாட்டித் தோணி உடைந்தது. மற்றவர்களை ஒரு கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. தோணியை நடத்திப் போன தண்டல் வீட்டுக்கே வந்து எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து, பம்பை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவன் கீழே இறங்கியதையும் மேலே வராததையும் சொல்லி அழுதார். எமில்டா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பெட்டி அடக்கம் என்று நான் பேச்செடுத்தபோது, "மேல வரலன்னுதான சொல்லுதாரு மதினி. செத்துட்டாருன்னு யாரு பாத்தா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் துறைமுகத்துக்கு வரும் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவள். கண்டெய்னர் வந்தால் வந்தது, வரவில்லை என்றால் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருப்பதாக யாராவது சொன்னால் அவர்களை நான் மேஜைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவேன். தம்பிக்காக நான் அழ வேண்டியதை எல்லாம் அந்த வாரத்திலேயே அழுது முடித்தாயிற்று என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் கொஞ்சம் நையாண்டி பேசுவேன். அவள் எதற்கும் கோபப்பட்டதில்லை.

இப்போது பிரச்சினை எமில்டா இல்லை, ஏஞ்சலின். நர்சிங் முடித்து அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. விசாவும் வந்துவிட்டது. ஜூன் மாதம் விமானம் ஏற வேண்டிய பிள்ளை, போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போயிட்டா அம்மா பால் வாங்கப் போவணும்னாலும் வீட்டுக்கு ஆள் இல்ல அத்தை" என்றாள். "இன்னைக்கு அம்மா உக்காந்திருக்கா. அவளுக்குப் பொறவு நான்தான அங்கன உக்காரணும். இப்பமே உக்காந்துட்டுப் போறேன்."

பிறகு அவளே சொன்னாள். அம்மா ஒரே ஒரு தடவை, ஒரு வாரம், அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே இருந்து காட்டினால் போதும், நான் கிளம்பிவிடுகிறேன் என்று. லாட்ஜில் தங்க அம்மா வரமாட்டாள், சொந்தக்காரர் வீட்டுக்கும் வரமாட்டாள், கேரவனில் கூப்பிட்டுப் பார்க்கலாமா அத்தை என்று போனில் படம் காட்டினாள். வாகமண் பக்கம் மலைக்குப் போவோம், கடலே கண்ணில் படாது என்றாள்.

அன்று சாயங்காலமே நான் திரேஸ்புரம் போனேன். எமில்டா தையல் மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். போனில் படத்தைக் காட்டி, மகள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல கதவு இருக்கா மதினி?"

"இருக்கு."

"அடுப்பு இருக்கு. படுக்கை இருக்கு. அப்ப இதும் வீடுதான?"

"வீடுதாம்ளா. அதைத்தான நானும் சொல்லுதேன்."

"அப்படின்னா வாரேன். அவருக்கும் ஒரு படுக்கை மட்டும் வேணும்."

எனக்கு அவள் வருகிறேன் என்று சொன்னது மட்டும்தான் காதில் ஏறியது. சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரோச்சிடம் சொன்ன பிறகுதான் நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் தெருவில் ஆள் கடலில் இருக்கும்போது குடும்பம் வீடு மாற நேர்ந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. புது வீட்டைப் பங்குச்சாமியாரை வைத்துச் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்கள். ஆளுக்குப் பிடித்ததைப் புது அடுப்பில் முதலில் சமைப்பார்கள். அவன் இடுப்பில் கட்டும் சாரத்தையும் துண்டையும் அவன் படுக்கும் இடத்தில் வைப்பார்கள். அவன் புது வீட்டுக்கு வரத் தெரிந்துகொள்வான் என்பதால் பழைய வீட்டைப் பூட்டிக்கொள்ளலாம். எமில்டா ஒரு வாரச் சுற்றுலாவுக்கு வரவில்லை. அவள் வீடு மாறுகிறாள்.

"வரட்டும்ளா. எப்படி வந்தா என்ன, வாராளா இல்லையா, அதைப் பாரு" என்றார் ரோச். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஷாம் என்ற பையன் மதுரையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தான். கேரவன் கம்பெனிக்காரன். எங்கள் தெருவுக்குள் அது நுழையாது. தெருமுனையில் சிலுவை வைத்த குருசடி ஓரமாக நிறுத்தினான். அங்கிருந்து பார்த்தால் எமில்டா வீட்டு வாசல் நேராகத் தெரியும். தெருவில் இருந்த அத்தனை பேரும் வந்து உள்ளே ஏறி இறங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் அக்கா கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சமைக்கிற இடத்துக்கும் இதுக்கும் ஒரு அடி தூரம்கூட இல்லையே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஷாம் ஒவ்வொன்றாக விளக்கினான். தண்ணீர் எங்கே நிரப்புவது, அழுக்குத் தண்ணீரை எங்கே திறந்துவிடுவது, கேஸை எப்படி அடைப்பது. பின்பக்கம் பெரிய கட்டில், அதன் தலைமாட்டில் அகலமான கண்ணாடி ஜன்னல். நடுவில் இருக்கும் மேஜையை இறக்கினால் அது ஒரு படுக்கை. டிரைவர் சீட்டுக்கு மேலே, சின்ன ஏணியில் ஏறிப் போகும் பரண் மாதிரி இன்னொரு படுக்கை.

"மொத்தம் எத்தனை பேர் மேடம்?"

"நாலு" என்றேன் நான்.

"அஞ்சு" என்றாள் எமில்டா.

ஷாம் என்னைப் பார்த்தான். ஏஞ்சலின் வெளியே பார்த்தாள். எமில்டா ஏணியில் ஏறி அந்த மேல்படுக்கையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது அவருக்குச் சரியா இருக்கும். தோணியிலயும் இந்த அளவு எடந்தான்" என்றாள். அப்படியானால் தான் எங்கே படுப்பது என்று ரோச் கேட்கவில்லை. ஷாம் போன பிறகு டிரைவர் சீட்டைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குச்சாமியார் சாயங்காலம் வந்தார். சின்ன வயது, சிரித்த முகம். வண்டி மந்திரிப்பு என்று நினைத்து வந்தவரிடம் எமில்டா, வீடு மந்திரிக்கிற செபத்தையே சொல்லுங்கள் சாமி என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதில் குடியிருக்கத்தானே போகிறீர்கள் என்று புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். எங்களையும் தெருவையும் அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அடுப்பு, மேஜை, கட்டில், கதவு என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்தார். அங்கன மேலயும் சாமி என்று எமில்டா கேட்டாள். அவர் ஏணியில் ஒரு படி ஏறி மேல்படுக்கைக்கும் தாராளமாகத் தெளித்தார். எல்லோரும் ஆமென் என்றோம். நானும்தான் சொன்னேன்.

மந்திரிப்பு முடிந்ததும் எமில்டா அடுப்பைப் பற்றவைத்தாள். மாசிக் கருவாட்டுச் சம்பலும் கஞ்சியும். ஃபிராங்க்ளின் தோணியிலிருந்து இறங்கியதும் முதலில் கேட்பது அதுதான். சம்பல் வாசனை அந்தச் சின்ன இடம் முழுக்க நிறைந்துவிட்டது. இனி வாகமண் வரைக்கும் இந்த வாசனையோடுதான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கம்பளிகளை வைக்க ஏணியில் ஏறினேன். மேல்படுக்கையில் கையை ஊன்றியதும் கை நனைந்தது. தீர்த்தம் தெளித்த ஈரம் இல்லை. தலையணையிலிருந்து கால்மாடு வரை, ஒரு ஆள் குளித்துவிட்டு வந்து துவட்டாமல் படுத்து எழுந்த அளவுக்கு ஈரம்.

ரோச்சைக் கூப்பிட்டேன். அவர் ஏறிப் பார்த்துவிட்டு, "ஏசித் தண்ணி. காலையில அந்தப் பையன் ஓட்டிக் காட்டுனாம்லா, குழாய் அடைச்சிருக்கும்" என்றார். ஏசியின் வாய் அந்தப் படுக்கைக்கு நேர் மேலேதான் இருந்தது. ஏஞ்சலின் வந்து மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலை நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"உப்புக் கரிக்கி அத்தை."

"தீர்த்தத்துல உப்புப் போட்டுத்தாம்ளா மந்திரிப்பாவ. நர்சு படிச்ச பிள்ள இதை நக்கியா பாக்கணும்" என்று அதட்டினேன். கையில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்றே போதுமானது. ஆனாலும் இறங்கும்போது ஏணிப்படி கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படியைத் தவறவிட்டேன். முட்டி சிராய்த்தது.

எமில்டா வந்தாள். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஒரு காய்ந்த துண்டை எடுத்துவந்தாள். அதை வைத்து மெத்தையை ஒற்றப்போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் அதை மடித்துத் தலையணைப் பக்கத்தில் வைத்தாள்.

"தல துவட்டாம படுத்தா இவருக்குச் சளி புடிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ரோச்சை வம்புக்கு இழுத்தாள். "அண்ணே, மலையில கிரேன் கெடையாது, பாத்து ஓட்டணும்" என்றாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். மேல்படுக்கைக்கு ஒரு பூப்போட்ட விரிப்பு, ஒரு பிளாஸ்க், அவன் உடுத்தும் நீலக் கட்டம் போட்ட சாரம் என்று ஒவ்வொன்றாக ஏற்றிவைத்தாள். சும்மா ஏணியைக் கடந்து போகும்போதும் குரலைத் தணித்துக்கொண்டாள், உள்ளே ஆள் தூங்கும் வீட்டில் நடமாடுகிறவளைப் போல.

எனக்குப் பயமாக இருந்தது. அவள் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவளைத் திட்டத் தெரிந்தது. இந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தேன். ஏஞ்சலின் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமும் இருந்தது, அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. அம்மா நாளைக்குப் பூட்டிவிடுவாள் என்ற ஆசை. அந்த ஆசையைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியது. மக்ரூன் டப்பா, பொடி தடவிய இட்லி, ரோச்சின் பிரஷர் மாத்திரை எல்லாம் அதனதன் இடத்தில். எமில்டா வீட்டுக்குள் ஒருமுறை சுற்றி வந்தாள். அந்த வீட்டுக்குப் பூட்டு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரையாவது கடைக்கு அனுப்பலாம் என்று நான் திரும்புவதற்குள் அவள் பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்தாள். வாங்கி வைத்திருக்கிறாள். தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எமில்டா கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டை மாட்டி அமுக்கினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிச்சம்மாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏஞ்சலின் என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

வண்டியில் ஏறினோம். ரோச் ஸ்டியரிங்கில். எமில்டாவும் மகளும் அவருக்குப் பின்னால், ஏணியை ஒட்டிய இருக்கையில். நான் பைகளை ஒதுக்கிவைக்கப் பின்பக்கக் கட்டிலுக்குப் போனேன். ஒரு மீன் ஆட்டோ எதிரே வந்து நின்றதால் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. போர்வை மூட்டையை ஜன்னலோரம் தள்ளியபோது கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

எமில்டா வீட்டு வாசலில் ஒருவன் நின்றான்.

எனக்கு முதுகைக் காட்டி நின்றான். சட்டை இல்லை. சாரம் நனைந்து கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் பூட்டைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வழிப்போக்கன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வலது காலைத் தூக்கி அதன் விரல்களால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தான். சின்ன வயதில் எங்கள் அம்மா தம்பியை அதற்காக அடித்திருக்கிறாள். அவன் பூட்டை விட்டான். கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், யாரோ கடைக்குப் போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்பது போல. தெருவில் கலைந்து போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருத்தரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டப்பகல். வெயிலில் கண் கூசியது. நான் முன்பக்கம் திரும்பினேன். எமில்டா ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து, மேல்படுக்கையைப் பார்த்து மெதுவாக, "ரொம்ப ஆட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேலே இருந்தது ஏசித் தண்ணீர்தான். அவன் கேரவனுக்கு வரவில்லை. அவனுக்குத் தெரிந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான், நாங்கள் பூட்டிய பிறகு. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் எமில்டா ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பாள். அதற்குப் பிறகு அவளை யாராலும் அந்த வீட்டிலிருந்து எடுக்க முடியாது. ஏஞ்சலின் அவளோடு உட்காருவாள். அவளுக்குப் பிறகும் உட்காருவாள்.

"வண்டிய நிப்பாட்டுங்க" என்றேன்.

ரோச் ஓரங்கட்டினார். "ஆபீஸ்ல இருந்து போன். ஒரு கண்டெய்னர் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிட்டு. நான் இல்லாம வெளிய வராது. நீங்க போங்க, நான் ரெண்டு நாள்ல பஸ்ஸப் புடிச்சு வாரேன்" என்றேன். என் போன் அடிக்கவில்லை என்பது ரோச்சுக்குத் தெரியும். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் தலையாட்டியது அன்றைக்குத்தான்.

"எமில்டா, வீட்டுச் சாவியக் குடு."

"எதுக்கு மதினி?"

"கேஸ அடைச்சமா இல்லையான்னு எனக்கு ஒரே சந்தேகமா இருக்கு. பாத்துட்டுப் போயிருதேன்."

அவள் சாவியைக் கையில் எடுத்தாள், ஆனால் தரவில்லை. "பாத்துட்டுப் பூட்டிருவியள்லா? ரெண்டு வீடும் தொறந்து கெடந்தா அவருக்கு எது வீடுன்னு தெரியாது மதினி. அலஞ்சுட்டு நிப்பாரு."

"பூட்டிருவேன்."

இன்னும் தரவில்லை. முதல் முறையாக அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை வருஷமும் நான் என்ன நையாண்டி செய்தாலும் அசையாத முகம் அது. குரலைத் தணித்து என்னிடம் கேட்டாள், "மதினி, நீங்க பொய் சொல்ல மாட்டிய. அவரு மேலதான இருக்காரு?"

நான் ஏணியில் ஏறினேன். பூப்போட்ட விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. துண்டு மடித்தபடியே இருந்தது. சாரம் மடித்தபடியே இருந்தது. மெத்தை நன்றாகக் காய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்த வெறும் படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத் தூங்குதான்" என்றேன். "எழுப்பாத. போற வரைக்கும் தூங்கட்டும்."

எமில்டா சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஏஞ்சலின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினேன். மீன் ஆட்டோ நகர்ந்து வழி விட்டது. வண்டி திரும்பி மறையும்வரை நின்று கையாட்டினேன்.

பிறகு தெருவுக்குள் நடந்தேன். வாசலில் யாரும் இல்லை. படி ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டில் வாசல் கழுவியிருக்கலாம். பூட்டைத் திறந்து, கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு எமில்டாவின் தையல் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கேஸ் அடைத்துத்தான் இருந்தது.

அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அந்த ஸ்டூலிலிருந்து வாசல், தெரு, குருசடி, அதற்கு அப்பால் கடற்கரைப் பக்கம் போகும் சந்து வரை எல்லாம் நேராகத் தெரிகிறது. அவள் மிஷினை அங்கே ஏன் போட்டாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆபீசுக்குப் போனேன், சிரித்தேன், தம்பி செத்துப்போனான் என்று தெளிவாகப் பேசினேன். இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அதையெல்லாம் செய்திருக்கிறேன். எனக்கும் சேர்த்து அவள் காத்திருந்தாள். இப்போது அவள் போய்விட்டாள், வீட்டில் வேறு ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த வாரத்தில் அழுது முடித்ததாகச் சொன்னதெல்லாம் சும்மா.

மதியத்துக்கு மேல் ஏஞ்சலின் போன் செய்தாள். செங்கோட்டை தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கிறோம் என்றாள். மரமும் குளிருமாக இருக்கிறதாம். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறாளாம், மாமா கூடவே தப்புத்தப்பாகப் பாடுகிறாராம்.

"அத்தை, நான் டிக்கெட்டப் போட்டுட்டேன்" என்றாள். "இப்பதான் போட்டேன், வண்டியில இருந்தே. ஜூன்ல போறேன். அம்மாவே போடுன்னு சொல்லிட்டா."

"நல்லா இரு மக்கா" என்றேன்.

"இருங்க, அம்மா என்னமோ கேக்கா." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "வீட்டப் பூட்டியாச்சான்னு கேக்கா."

விரியத் திறந்து கிடந்த கதவைப் பார்த்தேன். வெளியே அத்தனை வெயிலுக்கும் அந்தப் படி இன்னும் காயவில்லை.

"பூட்டியாச்சுன்னு சொல்லு" என்றேன்.

போனை வைத்துவிட்டு எழுந்து போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"உள்ள வாலே" என்றேன். "அவ போயிட்டா. அக்காதான் இருக்கேன்."